முனியாண்டி சேவலும் ஐம்பத்தோராவது முத்தும்

முத்துக் கோக்கக் கடல் தாண்டிப் போகிறேன் என்றதும், திருச்சியில் என் பக்கத்து வீட்டு அம்மாள், "சிலோன்லதானே முத்தே எடுக்குறாங்க, அங்க கோக்க ஆள் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் போனது முத்துக் குளிக்கும் கடற்கரைக்கு அல்ல. மழையும் ரப்பரும் அட்டைப்பூச்சியும் விளைகிற மலைச்சரிவுக்கு. கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவரின் பெரியப்பா மகள் ரோசலின் அண்ணி இருக்கிறார். தோட்ட வேலைக்காக அங்கே குடியேறியிருந்த கணவரின் குடும்பத்தில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் கப்பலேறித் திருச்சிக்கு வந்துவிட்டார்கள். மீதிப்பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படித் தங்கியவர்கள் வீட்டில்தான் இப்போது கல்யாணம். ரோசலின் அண்ணியின் ஒரே மகள் ஜெனிட்டாவுக்கு.

நான் இருபது வருடமாக வீட்டிலிருந்தே முத்துமாலை கோத்துக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் பொறுமையான விரலும் அடக்கமான வாயும் வேண்டும். விரல் எனக்கு வாய்த்திருக்கிறது. வாயைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. எதைச் சொன்னாலும் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அண்ணி தொலைபேசியில் சொன்னது சுருக்கமான சேதி. அவரிடம் ஒரு டப்பாவில் கொஞ்சம் உதிரி முத்து இருக்கிறது. சனிக்கிழமை மகள் மாதா கோயிலுக்குள் நடக்கும்போது அது அவள் கழுத்தில் இருக்க வேண்டும். தபாலில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. நான் போக வேண்டும். பட்டு நூல், கம்பி ஊசி, கொக்கி, கொக்கியோரம் நூல் தேயாமல் காக்கிற ஓரக்கம்பிச் சுருள் எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன்.

ரத்தினபுரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த சிங்கள அம்மா, ஒரு வார்த்தை கேட்காமல் தன் பலாப்பழத்தைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். திருச்சி டவுன் பஸ்ஸில் குழந்தையைக் கொடுப்பவர்கள்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கண்டக்டர் நின்றுகொண்டிருந்த எல்லாரையும் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னால் விரட்டிக்கொண்டே வந்தார். முன்னால் போக டிரைவர் மடியில்தான் இடம் இருந்தது. அம்மா இறங்கும்போது பழத்தை எடுத்துக்கொண்டு, வாடகை மாதிரி நாலு ரம்புட்டானை என் கையில் திணித்துவிட்டுப் போனார். பலாப்பிசின் என் பையின் ஜிப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது. தொழில் சாமான் முழுக்க உள்ளே, நான் வெளியே.

ரத்தினபுரியில் என்னை அழைத்துப்போக அண்ணியின் கணவர் பிரகாசம் அண்ணன் குடையோடு நின்றார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். இது குறையா நிறையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பையைப் பார்த்தவுடன் எதிர்க்கடையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வாங்கித் தடவி ஜிப்பைத் திறந்தும் கொடுத்தார்.

அந்த ஊர்த் தெருவில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக நின்று, காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ரத்தினக் கல்லை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மாதிரிக்கென்று கொண்டுவந்த ஒரு முத்தை எடுத்து ஒரு தரகரிடம் நீட்டினேன். அவர் டார்ச்சைக் கீழே வைத்து அடித்தார், மேலே வைத்து அடித்தார், பரிதாபமாக என்னைப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை அண்ணன் தமிழில் சொன்னார்: வெளிச்சமே உள்ளே போகாத கல்லை வைத்துக்கொண்டு இந்த அம்மா என்ன செய்யப்போகிறார், எங்களிடம் கொடுத்தால் மற்ற மங்கல் கல்லைப் போல உலையில் சுட்டு நீலக்கல்லாக்கித் தருவோம்.

தரகர் கண்ணில் சிரிப்பு இருந்தது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்து, "சுட்டுப் பாக்கலாங்களா தங்கச்சி?" என்று கேட்டார். அப்போதே நான் என் வாயைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

தோட்டத்தில் இறங்கியபோது என் காலில் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நீலத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதன் நடுவில் தொப்பையாகத் தேங்க, ஒருவர் அவ்வப்போது கம்பால் அதைக் குத்தி வடித்துக்கொண்டிருந்தார். ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்னக் கொடுத்தார்கள். சம்பல் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கித்துல் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் ஊற்றாத தேயிலையைக் குடித்ததும் அது அடங்கியது.

புதன்கிழமை காலை அண்ணி டப்பாவைத் திறந்தார். பழைய பவுடர் டப்பா. உள்ளே பஞ்சில் ஐம்பத்தொரு முத்துகள்.

முத்தைத் தரம் பார்க்கக் குழல் விளக்கு உதவாது. பகல் வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. அந்த ஊரில் வெயிலைப் பற்றிய கவலையே கிடையாது என்பதால் வாசல் பக்கம் ஒரு வெள்ளைத் துணியை விரித்து உருட்டினேன். நல்ல உருண்டை நேராக ஓடும், கோணல் முத்து வளைந்து ஓடும். பிறகு நிறம். வெள்ளை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் ஒன்றில் ரோஜாச் சாயல் இருக்கும், ஒன்றில் பாலேட்டு மஞ்சள், ஒன்றில் லேசான பச்சை. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும், கல்யாணப் புகைப்படத்தில் உறவுக்காரர்களை நிறுத்தினால் தெரிகிற மாதிரி. பிறகு ஒன்றை எடுத்து முன்பல்லில் லேசாக உரசினேன். மணல் மாதிரி நறநறத்தது. அசல்.

நான் பல்லில் வைத்ததைப் பார்த்து அண்ணி பதறிப்போனார். கடிக்கவில்லை, சோதித்தேன் என்று புரியவைக்க இன்னொரு தேநீர் தேவைப்பட்டது.

அந்த முத்துகளின் கதை இது. ஜெனிட்டாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அண்ணி பஹ்ரைனுக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒன்பது வருடம். ஊர் திரும்பக் கிளம்பும் வாரத்தில் அந்த வீட்டு மேடத்தின் பழைய மாலை அறுந்து தரையெல்லாம் ஓடியது. அண்ணிதான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். மேடம் என்ன நினைத்தாரோ, கைக்குட்டையில் முடிந்து அப்படியே அண்ணியிடம் கொடுத்துவிட்டார். வந்து இத்தனை வருடத்தில் வீட்டில் என்னென்னவோ கஷ்டம் வந்தும் அண்ணி அதை வெளியே எடுக்கவில்லை.

இரண்டு முத்து கொஞ்சம் கோணல். அவற்றை ஒதுக்கிவிடலாம் என்றேன்.

"ஒன்னுகூட மிச்சம் வைக்கக் கூடாது, விமலா" என்றார் அண்ணி. "ஒன்பது வருசம் புள்ள பக்கத்துல நான் இல்ல. அவ வயசுக்கு வந்தப்பகூட போன்லதான் அழுதேன். அதுக்கு எங்கிட்ட இருக்கிறது இது மட்டுந்தான். எல்லாத்தையும் அவ போட்டுக்கிட்டு நடக்கிறத நான் பாக்கணும்."

அதற்குமேல் நான் தொழில் பேசவில்லை. பெரியதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் இருபத்தைந்து இருபத்தைந்தாகச் சிறுத்துக்கொண்டே போகும்படி அடுக்கினேன். கோணல் இரண்டும் பின்கழுத்துக் கொக்கியோரம் போய் ஒளிந்துகொண்டன. சிக்கல் நடுமுத்தில்தான் இருந்தது. அளவில் ராணி, ஆனால் முகத்தில் களையே இல்லை, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. கேட்டதற்கு அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார். போன மாதம் முத்துகளைக் கழுவலாம் என்று கொரக்காத் தண்ணீரில் போட்டிருக்கிறார். மீன் குழம்புக்குப் புளிப்பாகப் போடுகிற அந்தக் காய்ந்த கொரக்காயால்தான் அங்கே பித்தளை விளக்கு துலக்குவார்கள். நல்லவேளையாக முதலில் பெரியதை மட்டும் போட்டிருக்கிறார். அது செத்துப்போனதைப் பார்த்ததும் மற்றதைத் தொடவில்லை.

புளிப்பு எதுவானாலும் முத்துக்கு எமன். எலுமிச்சை, வினிகர், சென்ட், தலைக்கு அடிக்கிற ஸ்பிரே எதுவும் ஆகாது. இதையெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் பெரிய பிரசங்கமாகவே சொன்னேன். கல்யாண வேலைக்கு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கேட்கிற காது கிடைத்தால் எனக்கு நாக்கு நீளும். "ஆனா அந்தக் காலத்துல உங்க சிலோன்லயே இதுக்கு வைத்தியம் இருந்துச்சாம்" என்று ஆரம்பித்தேன். மங்கிப்போன முத்தை அரிசியோடு கலந்து கோழிக்குப் போடுவார்களாம். கோழி முழுங்கும். பிறகு கோழியை அறுத்து எடுத்தால் முத்து நிலா மாதிரி மின்னுமாம். திருச்சியில் ஒரு வயதான நகைக்காரர் எனக்குச் சொன்ன கதை.

எல்லாரும் சிரித்தார்கள். பிரகாசம் அண்ணன் சிரிக்கவில்லை. எத்தனை நேரம் கோழி வயிற்றில் இருக்க வேண்டும் என்று கேட்டார். நகைக்காரர் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் நான், "ரெண்டு மணி நேரம் போதும்" என்று மிடுக்காகச் சொன்னேன். கோழி வயிற்றிலிருப்பதும் புளிப்புதான், அது முத்தின் மேல்தோலைக் கரைப்பதால்தான் மினுக்கு வருகிறது, விட்டுவைத்தால் முத்தே கரைந்துவிடும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் கதையின் சுவை கெட்டுவிடும்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டும் மழை. மழையில் பால் வெட்டு இல்லை. வேலையில்லாத கையும் நம்புகிற மனசும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? அண்ணி பூ ஜோடிப்புக்காகக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் உள்ளே பட்டு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். புதுப் பட்டு இளகும். முதலில் இழுத்து வைக்காமல் கோத்தால் இரண்டாம் மாதமே முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவில் சந்து விழும். அப்போது அண்ணன் நனைந்துபோய் வந்து வாசற்படியில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"தங்கச்சி," என்றார் கடைசியில், "கோழிக்கு ரெண்டு மணி நேரம்னா, சேவலுக்கு எவ்வளவுங்க?"

துணியைப் பார்த்தேன். நடுமுத்து இல்லை.

அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். விருந்துக்கென்று வாங்கிய நாலு கோழி கூடையில் இருந்தது. எப்படியும் மறுநாள் அறுபடப்போகிறவை. அதில் கொழுத்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உள்ளங்கையில் அரிசி வைத்து, அரிசி நடுவில் முத்தை வைத்து நீட்டியிருக்கிறார். கோழி கழுத்தைச் சாய்த்து யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், லயத்தில் அடுத்த வீடான பக்கத்துக் காம்பிராவின் சிவப்புச் சேவல் எங்கிருந்தோ பாய்ந்து கோழியைத் தள்ளிவிட்டு அரிசியையும் முத்தையும் ஒரே கொத்தில் விழுங்கிவிட்டது.

"எனக்கும் இதுல ஏதாச்சும் செய்யணும்னு இருந்துச்சுங்க" என்றார். மகளை ஆறு வயதிலிருந்து தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த மனிதர் அவர். ஆனால் அந்த டப்பாவில் அவருக்குப் பங்கில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் என்மேல்தான்.

சேவலை வாங்கிவிடலாமே என்று நினைத்தேன். திருச்சிப் புத்தி. சேவலுக்குச் சொந்தக்காரர் லெச்சுமி அக்கா. மரத்தடியில் வழுக்கி விழுந்த அவர் கணவருக்கு முறிந்த கால் சேர்ந்தால் முனியாண்டிக்குச் சேவல் தருவதாக நேர்ந்துகொண்டு ஒரு வருடமாக வளர்க்கிறார். கால் சேர்ந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை முனியாண்டிக்குப் பூசை. அதுவரைக்கும் அதன் இறகைக்கூட யாரும் பிடுங்கக் கூடாது. லெச்சுமி அக்கா நல்ல மனுஷி. விஷயத்தைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னங்க செய்ய, அது சாமி பொருளு. நான் சும்மா தீனி போடுறவ" என்றார். வேறு சேவல் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். காலைக் காட்டி நேர்ந்த சேவல் இதுதான், வேறு கொடுத்தால் முனியாண்டி திரும்பக் காலைக் கேட்டுவிடுவார் என்றார். அவர் கணவரும் உள்ளேயிருந்து காலை மடக்கிக்கொண்டார்.

மத்தியானம் அண்ணி திரும்பி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "பிஸ்ஸு மனுசன்" என்று மட்டும் சொன்னார். பைத்தியக்காரர் என்பதற்கு அங்கே புழங்குகிற சிங்களச் சொல். பிறகு ஒரு கூடை வெங்காயத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் கேட்க முடியாதபடி ஒரு வேலை. முத்து கரையும் என்கிற உண்மையை அப்போதுதான் நான் சொன்னேன். வாழ்க்கையில் ஒரு விஷயத்தைக் காது மூக்கு இல்லாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டேன்.

அன்று முழுக்கப் பிரகாசம் அண்ணன் ஒரு கையில் குடை, ஒரு கையில் குச்சியோடு அந்தச் சேவல் பின்னாலேயே நடந்தார். அது போட்டதையெல்லாம் கிளறிப் பார்த்தார். வழியில் வந்த தோட்டத்து உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சிங்களத்தில் என்ன என்று விசாரித்தார். அண்ணனுக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். உத்தியோகஸ்தர் தலையைச் சொறிந்துகொண்டு, நீலக்கல்லுக்கும் இது சரிவருமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை லெச்சுமி அக்காவே ஒரு வழி சொன்னார். பூசாரியிடம் கேட்கலாம். சாமி சம்மதித்தால் பூசையை முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம். பூசாரி பகலில் ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் வேலை செய்கிறவர். நிறுப்பவருக்கே உரிய நிதானம். சட்டம் ஒன்றுதான் என்றார். சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உடம்பை உலுக்கினால் சாமிக்குச் சம்மதம். உலுக்காவிட்டால் செவ்வாய் வரைக்கும் பேச்சே இல்லை.

முனியாண்டிக்குத் தகரக் கொட்டகைதான். மரத்தடியில் ஒரு கல், ஒரு அரிவாள். மாதா படத்துக்கு முன்னால் தினமும் முழங்கால் போடுகிற அண்ணி, சற்றுத் தள்ளி நின்று சேலைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே வேண்டுதல். லயமே வந்துவிட்டது.

முதல் தெளிப்பு. சேவல் அசையவில்லை. இரண்டாவது தெளிப்பு. ஒரு கண்ணை மூடித் திறந்தது. பிரகாசம் அண்ணன் அதற்கு வழிகாட்டுகிற மாதிரி தன் தோளை லேசாக உலுக்கிக் காட்டினார். பூசாரி அவரை முறைத்தார். மூன்றாவது தெளிப்புக்கும் அது கல்லாக நின்றது. பிறந்த நாளிலிருந்து ரத்தினபுரி மழையில் ஊறி வளர்ந்த சேவல். அதற்கு நாலு சொட்டுத் தண்ணீர் ஒரு பொருட்டா? எங்கள் திருச்சிச் சேவலாக இருந்தால் முதல் சொட்டிலேயே ஊரைக் கூட்டியிருக்கும்.

"செவ்வாய்க்கிழம" என்றார் பூசாரி. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நான் ஐம்பது முத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் அடுத்த பெரிய முத்தைக் கொண்டுவரலாம், ஆனால் அதற்கு ஜோடி இருக்கிறது. ஒரு பக்கம் இழுக்கும். என்னிடமிருந்த மாதிரி முத்தைப் போடலாம், ஆனால் அது பண்ணை முத்து, இவற்றோடு வைத்தால் வேற்றாளாகத் தெரியும். அண்ணியிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்றார். அப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

ஜெனிட்டா கையில் காயாத மருதாணியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அதிகம் பேசாத பெண். துணியிலிருந்த வரிசையைப் பார்த்தாள்.

"நடுவுல இடத்த அப்படியே விட்டுக் கோத்துடுங்க அத்தை" என்றாள்.

முடியாது, கேலியாக இருக்கும் என்றேன்.

"இருக்கட்டுங்க. அம்மா இல்லாத வீட்டுலயே வளந்துட்டேன். ஒரு முத்து இல்லாத மாலைய ஒரு நாளைக்குப் போட முடியாதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் அடுப்படியில் அண்ணியின் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஊசியைப் பார்த்தேன்.

அவள் சொன்னபடியே கோத்தேன். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு. அறுந்தால் ஒன்றுதான் விழும், ஒன்றோடொன்று உரசவும் உரசாது. ஊசியை முடிச்சுக்குள் விட்டு முத்தோடு ஒட்டத் தள்ளி இறுக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் மாலை தொளதொளக்கும், கூடுதலாக இறுக்கினாலும் கம்பியாக நிற்கும். இருபத்தைந்து முடிந்ததும் ஒரு முத்தின் அகலத்துக்குப் பட்டு நூலை வெறுமையாக விட்டு, மறுபடி முடிச்சுப் போட்டேன். இருபது வருடத் தொழிலில் நான் வேண்டுமென்றே விட்ட ஒரே ஓட்டை அது.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. முத்து மாலையை எல்லா அலங்காரமும் முடிந்த பிறகுதான் போட வேண்டும், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும் என்று எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தேன். ஆனாலும் மாலை ஏறிய மறுநிமிஷம் தோழி ஒருத்தி ஓடிக்கொலோன் சென்ட் புட்டியோடு வந்தாள். நான் குறுக்கே பாய்ந்தேன். மொத்தமும் என் கண்ணில். பெண் கோயிலுக்குள் நடந்த அழகை நான் ஒரு கண்ணால்தான் பார்த்தேன்.

அண்ணி இரண்டு கண்ணாலும் பார்த்தார். வெள்ளைச் சேலை, அதன் மேல் அந்த மாலை. நடுவில் இருந்த இடைவெளி தூரத்தில் தெரியவில்லை. எனக்கும் அண்ணிக்கும் மட்டும் அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நிவித்திகலைக்காரர்கள். விருந்தில் மாமியார் மருமகளின் மாலையைத் தொட்டுப் பார்த்து, விரல் இடைவெளியில் நின்றதும், இங்கே ஒன்று விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். பிரகாசம் அண்ணன் சோற்றுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"சேவல் முழுங்கிருச்சுங்க மாமி" என்றாள் ஜெனிட்டா.

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாட்டுச் சேவலா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தப் பெண் நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதே நிம்மதியாகிவிட்டது.

திங்கட்கிழமை நான் ஊருக்குத் திரும்பினேன். கிளம்பும்போது அண்ணி ஒரு போத்தல் கித்துல் பாணி, அந்த மரத்துப் பாகு, கொடுத்தார். முத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்காமலேயே பஸ் ஏறினேன். வாயாடிகளுக்கு அவசியமான நேரத்தில்தான் வாய் அடைக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாட்ஸாப்பில் அழைப்பு. திரை முழுக்கப் பிரகாசம் அண்ணனின் நெற்றி. பின்னால் பறைச் சத்தம். முதல் சொட்டுத் தண்ணீரிலேயே சேவல் உலுக்கிவிட்டதாம். இரைப்பையைப் பூசாரியே தன் கையால் பிரித்தாராம். கல்லும் மண்ணுமாக இருந்ததைக் கழுவிப் பார்த்தால், கொத்தமல்லி விதை அளவுக்கு ஒன்று மிஞ்சியிருந்ததாம். உள்ளங்கையைக் காட்டினார், வெறுங்கை. ஆனாலும், "மின்னுச்சு தங்கச்சி. நீங்க சொன்னாப்புலயே மின்னுச்சு" என்றார்.

அது மாலைக்கு இனி ஆகாது. அளவு போய்விட்டது, துளையும் அகன்றிருக்கும். அதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது போன் அண்ணியின் கைக்கு மாறியது. ஜெனிட்டாவும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள் போலிருக்கிறது, பின்னால் அவள் தலை தெரிந்தது. அண்ணி போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தார். கழுத்தில் கறுப்புக் கயிறு. அதன் நடுவில் அந்தக் கொத்தமல்லி விதை, ஊசிமுனை வெளிச்சமாக.

"இவதான் கட்டிவிட்டா" என்றார் அண்ணி. "அம்பது எனக்குப் போதும்மா, ஒன்னு நீ போட்டுக்கன்னு சொல்லிட்டா. இத்தனை வருசம் டப்பாவுல வச்சிருந்தேன் விமலா. ஒரு நாளு நம்ம கழுத்துல வச்சுப் பாப்போம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், அது மட்டும் தெரியும்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழையபடி காரியமான குரலில், இதை எப்படிக் கழுவுவது என்று கேட்டார்.

"கழுவ வேண்டாம் அண்ணி. டப்பாவுல வைக்காம தினமும் போட்டுக்கிட்டே இருங்க. ராத்திரி ஒரு மெத்துத் துணியால தொடச்சு விட்டாப் போதும். உடம்புச் சூட்டுலதான் முத்து நல்லா இருக்கும்."

இதில் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.